மாமனாருக்கு ஒரு பெட்டி

"அஞ்சே முக்கால் அடி நீளம், நாலடி அகலம். மூடி கண்டிப்பா வேணும்ண்ணே," என்றாள் மருமகள், வாசல் கதவைப் பாதி மூடிக்கொண்டு. "மாமனாருக்குத்தான். ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்."

தச்சரின் கையிலிருந்த அளவு டேப் சர்ரென்று சுருண்டு உள்ளே போனது. முப்பது வருஷத் தொழிலில் கட்டில், அலமாரி, கதவு, ஜன்னல் எல்லாம் செய்திருக்கிறார். இது மட்டும் செய்ததில்லை.

"எப்பம்மா... தவறினார்?"

"யாரு?"

"யாரும்மா அது? வாசல்லயே நிக்க வச்சுப் பேசறியே!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. குரலுக்குப் பின்னாலேயே மாமனாரும், கையில் பூதக்கண்ணாடியோடு, நடந்தே வந்தார்.

சாப்பாட்டு மேசையைப் பார்த்த பிறகுதான் தச்சருக்குப் போன உயிர் வந்தது. மேசை முழுக்க ஒரு துறைமுகம். ஐயாயிரம் துண்டுகளைப் பொருத்திப் படமாக்க வேண்டிய புதிர் அது. கப்பல், கிடங்கு, கடல் எல்லாம் முடிந்து, வானம் மட்டும் பொத்தல் பொத்தலாகப் பாதியில் நின்றது. துண்டு பறந்துவிடக் கூடாதென்று அந்த வீட்டில் மின்விசிறிகூடப் போடுவதில்லை.

"ஒரு வாரம் இருக்கலாம்னு இதையும் தூக்கிக்கிட்டு மகன் வீட்டுக்கு வந்தேன். எட்டு மாசம் ஆச்சு," என்றார் மாமனார். "வீட்டுக்காரி போனப்புறம் அங்க வீடு பூட்டியே கிடக்கு. இந்த வானத்தை முடிச்ச மறுநாள் கிளம்பிடுவேன். விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சும்மாவா சொன்னாங்க?"

சொன்னதோடு நிற்கவில்லை, கதவோரம் பயணப்பையும் ஜிப்பை மூடித் தயாராக இருந்தது.

"ஆனா முடிய மாட்டேங்குதே! போர்வையால மூடி வச்சேன், எடுக்கும்போது பாதிக் கப்பல் போர்வையோட வந்துடுச்சு. சுருட்டி வைக்கிற விரிப்பு வாங்கினேன், கடல் மடங்கிப் போச்சு. அதுகூடப் பரவாயில்ல. மத்தியானம் கொஞ்சம் கண் அசந்து எழுந்தா ரெண்டு துண்டு காணோம். நாலு நாள் கழிச்சு இவ பெருக்கறப்ப ஒண்ணு கிடைக்கும். மறுநாள் பார்த்தா இன்னும் ரெண்டு காணோம்." அவர் பெருமூச்சு விட்டார். "என்னால பாவம், இவங்கல்லாம் மடியில தட்டை வச்சுக்கிட்டுச் சாப்பிடறாங்க."

"ஆமா," என்றாள் மருமகள்.

தச்சருக்குச் சுருக்கென்றது. ஒரு பேச்சுக்காவது 'அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா' என்று சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா? கோபத்தை அடக்கிக்கொண்டு மேசையை அளந்தார்.

"கவலையை விடுங்க பெரியவரே. கீழே பிளைவுட், அது மேல கம்பளித் துணி ஒட்டித் தரேன், துண்டு வழுக்காது. சுத்திச் சட்டம், மேலே மூடி, அடியில சின்னச் சக்கரம். உங்க கட்டிலுக்கடியில தள்ளிட்டா வெயில் பட்டுச் சாயம் போகாது, ஈரம் ஏறி உப்பாது. மூலைக்கு மூலை எப்படிப் பொருத்துவேன் தெரியுமா? எறும்பு நுழைய இடுக்கு இருக்காது. இனிமே ஒரு துண்டு தொலைஞ்சா என்னைக் கேளுங்க!"

"அப்ப பத்தே நாள்ல முடிச்சிடுவேன்!" மாமனார் கையைத் தட்டினார்.

மருமகளின் முகம் சுண்டிப்போனது. "எறும்புகூடவா நுழையாது?" என்று கேட்டாள்.

"எறும்புகூடத்தான்," என்றார் தச்சர் வெடுக்கென்று. இன்னும் பத்து நாளா என்று மலைக்கிறாள் போலிருக்கிறது, மகராசி.

அவர் மாடிப்படி இறங்கும்போது அவள் பின்னாலேயே ஓடி வந்தாள். "அண்ணே, ஒரு நிமிஷம்."

"நானும் ஒண்ணு சொல்லணும்மா," என்று தச்சர் திரும்பினார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை அவர். "தனிக்கட்டையா நிக்கிற மனுஷன். எப்படியும் போகப் போறவர். அதுவரைக்கும் நல்லதா நாலு வார்த்தை பேசினா என்ன குறைஞ்சா போயிடுவே?"

"நல்லதா பேசினா காரியமே கெட்டுடும்ண்ணே! உபசாரம் பண்ணினா விருந்தாளின்னு நினைச்சு அன்னிக்கே பையைத் தூக்கிடுவார். வெடுக்குனு பேசினாத்தான் சொந்த வீடு மாதிரி உட்கார்ந்திருக்கார். அவ்வளவு ரோஷம்." அவள் மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டாள். "மேசையை அடைச்சுக்கிட்டிருக்கேன்னு முந்தாநாள் எல்லாத்தையும் பிரிச்சு டப்பாவுல போடப் போயிட்டார். அதான் உங்களைக் கூப்பிட்டேன். அந்தப் பூட்டின வீட்டுல போய் யார்கிட்டண்ணே பேசுவார்?"

தச்சர் ஒரு படி மேலே ஏறி வந்தார். "சரிம்மா... அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

அவள் நைட்டியின் பைக்குள் கைவிட்டு எடுத்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். ஏழெட்டு நீலத் துண்டுகள். அத்தனையும் வானம்.

"மேசையில இருந்த வரைக்கும் நான் பார்த்துக்கிட்டேன். இனிமே அவர் கட்டிலுக்கடியில போயிடுமே," என்றாள். "மூலையில துண்டு நழுவற அளவுக்கு ஒரே ஒரு ஓட்டை விட்டுடுங்கண்ணே."