மோட்டார் ரூம் சாவி

"பாரு, கிளம்பியாச்சு காக்கா பிடிக்க!"

கதவிடுக்கில் பார்த்துக்கொண்டே மனைவியிடம் சொன்னார் பேக்கரிக்காரர். எதிர்வீட்டு டெய்லரம்மா துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

விடிவதற்கு முன்பே வேலைக்குப் போய்விடுகிற மனுஷர் என்பதால் மத்தியானத்தில் அவர் வீட்டில்தான் இருப்பார். தூக்கம் வந்தால் தூக்கம், வராவிட்டால் ஊர்வம்பு. டெய்லரம்மா தினமும் இதே நேரத்துக்கு முதல் மாடியில் இருக்கும் குடியிருப்புச் செக்ரட்டரி வீட்டுக்குப் போய்வருவது அவர் கண்ணில் படாமல் போகுமா?

"செக்ரட்டரி சம்சாரத்துக்கு ஓசியில ஜாக்கெட் தைச்சுக் கொடுக்கிறா. அப்படியே நம்மளையும் போட்டுக் கொடுப்பா."

"அவ பொண்ணு பச்சைக் குழந்தையோட வந்து இருக்கா. தண்ணிக்காக யார் கால்லயாவது விழுந்துதானே ஆகணும், பாவம்" என்றாள் மனைவி.

"விழட்டும். நான் விழ மாட்டேன்!"

வீறாப்பாகச் சொல்லிவிட்டாரே தவிர, குளிக்காமல் வேலைக்குப் போகிற எரிச்சல் அவருக்கும் இருந்தது.

அந்தக் குடியிருப்பின் தலைவலியே தண்ணீர்தான். மோட்டார் ரூம் சாவி எப்போதும் செக்ரட்டரியின் இடுப்பில். அவர் வாக்கிங் போய், பேப்பர் படித்து, அப்புறம் மனசு வந்தால் மோட்டார் போடுவார். அதுவரை மேல்மாடிக் குழாயில் காற்றுதான் வரும். கேட்டால், "ஐ ஆம் இன் சார்ஜ்!" என்பார். பொறுப்பு என் கையில், நீ யார் கேட்க என்று அர்த்தம்.

மீட்டிங்கில் கேட்கலாமென்றால் அதற்கும் ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார். கூட்டத்தில் பேசியதைக் குறித்து வைக்கிற மினிட்ஸ் இங்கிலீஷில்தான் எழுதப்படும். ஆகவே இங்கிலீஷில் சொல்கிற தீர்மானம் மட்டும்தான் ஓட்டுக்கு வரும். குடியிருப்பில் இருப்பவர்களோ டிரைவர், தச்சர், பெயின்டர். 'எஸ்', 'நோ', 'தேங்க்யூ' தாண்டி ஒருத்தருக்கும் வாயில் எதுவும் வராது. அப்புறம் என்ன, வருஷா வருஷம் அவரே செக்ரட்டரி!

இந்த வருஷ மீட்டிங்கும் வந்தது. கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். செக்ரட்டரியின் சம்சாரம் வழக்கம்போல வாய் திறக்காமல் எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள்.

செக்ரட்டரி இங்கிலீஷில் பொரிந்து தள்ளிவிட்டு, "எனி மோஷன்?" என்றார். யாராவது தீர்மானம் கொண்டுவருகிறீர்களா என்கிற அந்தக் கேள்விக்கு இதுவரை பதில் வந்ததே இல்லை. அந்தத் தைரியத்தில் நோட்டை மூடப் போனார்.

"எஸ் சார்."

டெய்லரம்மா எழுந்து நின்றாள். குரல் நடுங்கவில்லை.

"யூ ஆர் இன் சார்ஜ். பட் யூ ஹேவ் லாஸ்ட் அவர் ட்ரஸ்ட். ப்ளீஸ் ஸ்டெப் டவுன்!"

கூட்டம் திருதிருவென்று விழித்தது.

"என்னம்மா சொன்னீங்க?" என்றார் பேக்கரிக்காரர்.

"பொறுப்பு அவர் கையில இருக்கு, ஆனா நமக்கு அவர் மேல இருந்த நம்பிக்கை போயிடுச்சு. பதவியை விட்டு இறங்கச் சொன்னேன்."

செக்ரட்டரிக்கு முகம் வெளிறிவிட்டது. "யாரோ சொல்லிக் கொடுத்ததை வந்து ஒப்பிக்கிறியா? நான் இறங்கிட்டா இதையெல்லாம் யாரு பாக்கிறதாம்?"

அவருடைய இங்கிலீஷ் எங்கே போனது என்று தெரியவில்லை.

"வீ வில் டேக் ஓவர். நாங்க எடுத்துப் பாத்துக்கிறோம். ஹேண்ட் ஓவர் த கீ, சார். சாவியைக் கொடுங்க. இங்கிலீஷ்லயே சொல்லிட்டேன். நீங்க போட்ட சட்டப்படி ஓட்டுக்கு விடுங்க!"

பேக்கரிக்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ரெண்டு கையையும் தூக்கினார். "எஸ்! எஸ்!"

"எஸ்!" என்றார் டிரைவர். "எஸ்!" என்றார் தச்சர். கார் நிறுத்துமிடமே அதிர்ந்தது. தெரிந்த இன்னொரு வார்த்தையான 'நோ'வை யாரும் அன்று தொடவே இல்லை.

இடுப்பிலிருந்து சாவி இறங்கியது. பெயின்டர் ஓடிப்போய் மோட்டார் போட்டார். கொஞ்ச நேரத்தில் மேல்மாடியிலிருந்து, "அம்மா, தண்ணி வந்துடுச்சு!" என்று டெய்லரம்மாவின் மகள் கூவினாள். விசில் பறந்தது. அங்கேயே, அப்போதே டெய்லரம்மாவைப் புது செக்ரட்டரி ஆக்கிவிட்டார்கள்.

பேக்கரிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே வந்தார். "தாயே, உங்களைப் போய் காக்கா பிடிக்கிறவங்கன்னு வாய்கூசாம பேசிட்டேன். மன்னிச்சுக்கோங்க. எங்க கத்துக்கிட்டீங்க இவ்வளவும்?"

"டீச்சர் பேரைச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேனே" என்று சிரித்தாள் டெய்லரம்மா.

அது பழைய செக்ரட்டரியின் காதில் விழுந்து தொலைத்தது. "எவன் அவன், இவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன்?" என்று கத்தினார்.

டீ கிளாஸ்களை அடுக்கிக்கொண்டிருந்த அவர் சம்சாரம் நிமிர்ந்தாள்.

"அவன் இல்லீங்க, நான்தான். இங்கிலீஷ் டீச்சரா இருந்தவளைக் கல்யாணம் ஆனதுமே வேலையை விடச் சொல்லி வீட்டுல உட்கார வச்சீங்க. இத்தனை வருஷம் கழிச்சு ஒரு ஸ்டூடண்ட் கிடைச்சா, விடுவேனா?"