சம்பளமில்லாத ஓர் ஆங்கிலச் சொல்

தையல் இயந்திரங்கள் நின்றுபோன கூடத்தில் மேலாளர் அனந்தபத்மன் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். "உங்கள யாரும் வேலைய விட்டு அனுப்பல. இதுக்குப் பேரு ஃபர்லோ. எங்க, சொல்லுங்க பாப்போம்." காலை ஷிப்ட் மொத்தமும் ராகம்போட்டுச் சொன்னது. சிப்பாய் ஊருக்குப் போக வாங்கும் விடுப்பும் ஃபர்லோதான், கைதியைக் கொஞ்ச நாள் வெளியே விடுவதும் ஃபர்லோதான், சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கச் சொல்வதும் அதே கௌரவமான சொல்தான் என்று அவர் விளக்கியபோது பட்டமளிப்பு விழா மாதிரி இருந்தது. சகாயமேரிக்குக் கால் கடுத்தது. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது.

"சிப்பாயும் கைதியும் திரும்பிப் போக ஒரு தேதி இருக்குமே சார். எங்க ஃபர்ளோ எப்ப முடியும்?"

அனந்தபத்மன் முகம் சுளித்தார். "ஃபர்ளோ இல்லம்மா, ஃபர்லோ. நாக்க மடிக்காதீங்க."

"சொல்லித் தொலை மேரி, போய்ச் சேரலாம்" என்று பின்னாலிருந்து பாக்கியம் முணுமுணுத்தாள்.

சகாயமேரி நாக்கை மடிக்காமல் சொன்னாள்.

"பிரமாதம்! வெள்ளைக்காரன் தோத்தான்!" என்று அவர் கைதட்ட, கூடமே தட்டியது. அந்தச் சத்தம் ஓய்வதற்குள் வாசலில் காவலாளி ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்து வைத்து, கழுத்தில் கிடக்கும் அடையாள அட்டையை எல்லோரும் அதில் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்.