கிள்ளிப் போட்ட துரும்பு

ஊர்ச்சபையில் மாயழகன் துரும்பைக் கிள்ளிப் போட்டு இனி பெண்டாட்டி இல்லை என்று ஒச்சம்மாளைத் தீர்த்துவிட்டபோது, அது செல்லாது என்று சொல்ல ஒரு நாதியும் இல்லை. பிறகுதான் பவுனுத்தாய் அந்த வீட்டுக்கு வாழ வந்தாள்.

வருஷங்கள் கழித்து அவன் செத்தான். கருமாதியன்று பவுனுத்தாயின் தாலியை இறக்கப் பெண்கள் கூடியிருந்தபோது, ஒச்சம்மாளின் தம்பி வந்து சத்தம் போட்டான்.

“வக்கீலக் கேட்டுட்டேன். துரும்பு கிள்ளுனதெல்லாம் செல்லாதாம். இன்னைக்கும் எங்கக்காதான் பொண்டாட்டி. வயக்காடு அவளுக்குத்தான்.”

அவன் பின்னால் ஒச்சம்மாள் தலைநிமிர்ந்து நின்றாள்.

பவுனுத்தாய் தாலியை முந்தானைக்குள் மறைத்தாள். “அப்ப எங்கழுத்துல எதுக்குக் கை வைக்கிறீங்க? பொண்டாட்டி அங்கல்ல நிக்கிறா.”

பெண்கள் திரும்பினார்கள். ஒச்சம்மாளின் வெறுங்கழுத்தைப் பார்த்தார்கள், பொட்டைப் பார்த்தார்கள், கண்ணாடி வளையல்களைப் பார்த்தார்கள். அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். வளையல்கள் குலுங்கின.