உள்ளே காற்று

மண் தோண்டும் பெக்கோவின் வாளி கொட்டிய சேற்றில் ஒரு தேள் நெளிந்தது.

தோண்டியது போதும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபின், கடைசியாக அள்ளிய மண் அது. பெக்கோ ஓட்டும் றில்வான் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார். மலை சரிந்து மூன்று நாளாக மண்ணுக்குள் கிடக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளில் இனி யார் உயிரோடு இருக்கப் போகிறார்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்னலட்சுமி மட்டும் நகரவில்லை. சரிவு வந்தபோது அவள் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போயிருந்தாள். மகள் பிரஷாந்தினி காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தாள். என் வகுப்புப் பிள்ளை.

தேளைக் கண்டதும் அன்னலட்சுமி என் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"சேர், நீங்க விஞ்ஞானம் படிச்சுக் குடுக்கிறவரு. தேளு உசுரோட இருக்குன்னா உள்ள காத்து இருக்குதானே?"



தேளின் வயிற்றடியில் எட்டு மூச்சுத் துளைகள். ஒவ்வொன்றின் உள்ளேயும் புத்தகத் தாள்களைப் போல மெல்லிய மடிப்புகள். அவற்றுக்கிடையே தங்கும் கொஞ்சக் காற்றே அதற்கு வெகுநேரம் போதும்.

போன மாதம் ஒரு தேளை இரவு முழுக்கத் தண்ணீர்ப் போத்தலில் போட்டுவைத்து, செத்ததென்று வகுப்பு மேசையில் மல்லாத்தினேன். துளைகளைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அது காலை உதறிப் புரண்டு நடந்தது. பிள்ளைகள் வாங்குப் பலகைகளில் ஏறிக் கூச்சலிட்டார்கள். பிரஷாந்தினி மட்டும் நின்ற இடத்திலேயே நின்று சிரித்தாள்.

தேள் பிழைத்திருப்பதால் மனிதரும் பிழைத்திருப்பார்கள் என்றாகாது.

றில்வான் என் முகத்தையே பார்த்தார்.

"ஓம்," என்றேன். "இருக்கக்கூடும்."

றில்வான் யாரையும் கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்தார். பெக்கோ மறுபடி உறுமியது.

பெற்றவளுக்குப் பொய்யாக ஆசை காட்டிவிட்டேனே என்று மனம் அடித்துக்கொண்டது. பக்கத்தில் போய், எப்படியாவது உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன்.

அவள் வாளியிலிருந்து கண்ணை எடுக்காமல் குரலைத் தாழ்த்தினாள்.

"தெரியும் சேர். தண்ணியில கெடந்தாலும் தேளு சாகாதுன்னு புள்ள அன்னைக்கே வந்து சொல்லிச்சு. உசுரு இருக்குன்னாத்தான் தோண்டுவாங்க. பொணத்துக்குத் தோண்ட மாட்டாங்க."