அடைத்துக்கொண்ட புகைபோக்கி

முதல் பனி விழுவதற்குள் புகைபோக்கியைச் சுத்தம் செய்தாக வேண்டும். பக்கத்து வீட்டுக் காசிமாலி இரண்டு தடவை வந்து துடைத்துக் கொடுத்தும், அடுப்பைப் பற்றவைத்ததும் வீடெல்லாம் புகை.

"மறுபடியும் அடைச்சிருக்கு. காசிமாலியைக் கூப்பிடுடா," என்று இருமினாள் அம்மா புருல்சா.

எர்மெக்குக்கு எரிச்சல் வந்தது.

"அப்பா இருந்தவரைக்கும் இது ஒருநாளும் அடைச்சதில்ல. அந்த ஆளு வீட்ல சமைக்க யாருமில்லைன்னு உன் சாப்பாட்டுக்காக அரைகுறையா வேலை பாக்குறாரு. நானே பாத்துக்கறேன்."

"நீ வேணாம்டா!" என்று அம்மா பதறுவதற்குள், கரி அள்ளும் துவாரத்தில் கையை விட்டான். சுருட்டித் திணித்த ஒரு பூப்போட்ட தலைத்துணி வந்தது.

அதை எடுத்துக்கொண்டு காசிமாலி வீட்டுக்கே போனான்.

"உங்க வேலையா மாமா இது?"

"நான் இல்லப்பா," என்று நெளிந்தார் அவர். "ரெண்டு தடவையும் இதேதான் வந்துச்சு. துவைச்சு உங்கம்மா கையிலதான் குடுத்தேன்."

அம்மா ஏன் பதறினாள் என்று எர்மெக்குக்கு இப்போதுதான் புரிந்தது. பிறகு வாய்விட்டுச் சிரித்தபடி துணியை அவரிடமே நீட்டினான்.

"இந்தத் தடவையும் துவைச்சுக் கொண்டாங்க. கூடவே ஒரு ஜோடி தோடும் வாங்கிட்டு வாங்க. நம்ம வழக்கப்படி பொண்ணுக்குத் தோடு போட்டாத்தானே நிச்சயதார்த்தம்!"