விட்டுப்போன பெயர்

பல்கலைக்கழக வாசல் டீக்கடையில் மூன்று டீயும் ஆறிக்கொண்டிருந்தன. மாணவர்கள் பெயர் சொல்லாமல் எழுதும் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் காலையில் வந்த பதிவை சிந்துஜா மறுபடியும் படித்தாள்.

"எம்.காம். முதல் வருஷம். நான் வந்தாலும் வராட்டியும் இங்க ஒருத்தருக்கும் தெரியாது. இனிமே வரப்போறதில்ல."

"நம்ம கிளாஸ்தான். யாருன்னு கண்டுபிடிக்கணும் கொளஞ்சி. எதனா பண்ணிக்கப் போறாங்க."

வகுப்புப் பிரதிநிதி கொளஞ்சி ஒரு தாளில் பெயர்களை எழுதினான். சிந்துஜாவும் பிரேம்குமாரும் ஒவ்வொருவரையும் தேடிப்போய்ப் பேசினார்கள். வராதவர்களுக்கு போன் போட்டார்கள். தவளக்குப்பத்தில் காய்ச்சலில் படுத்திருந்தவளைக்கூட விடவில்லை. கொளஞ்சி டிக் அடித்துக்கொண்டே வந்தான்.

சாயங்காலம் பிரேம்குமார் பெருமூச்சு விட்டான். "நாப்பத்தொரு பேரும் நல்லாத்தான் இருக்காங்க. எவனோ வெளாட்டுக்குப் போட்டிருக்கான்டா."

"அப்பாடா" என்று சிந்துஜா ஸ்கூட்டரைக் கிளப்ப, பிரேம்குமார் பின்னால் ஏறிக்கொண்டான்.

கொளஞ்சி தாளை மடித்தான். வகுப்பில் மொத்தம் நாற்பத்திரண்டு பேர். பதிவைப் போட்ட கையால் அவன் எழுதாமல் விட்டது தன் பெயரை மட்டும்தான். யாராவது கேட்பார்கள் என்று இவ்வளவு நேரம் பார்த்தான்.