இடது வளைகால்

ஆடும் நாற்காலிக்கு வளைகால் இரண்டு. மைத்துனரோடு போனில் பேசிக்கொண்டே உப்புத்தாளைத் தேய்த்ததில், இடதுகாலை மட்டும் தச்சர் அரை விரற்கடை இளைக்க வைத்துவிட்டார். மேலே பாலிஷ் அடித்துக் கமுக்கமாக அனுப்பியும் விட்டார்.

பத்தாம் நாள், அதை வாங்கிப்போன அம்மாள் பட்டறை வாசலில் வந்து நின்றாள். தச்சர் உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"ஆட ஆட நாற்காலி ஒரு பக்கமா நகருது," என்றாள்.

"தப்பு என்னோடதுதாம்மா. கொண்டு வாங்க, வேற கால் இழைச்சு மாட்டித் தர்றேன்."

"அதுல கைய வச்சிடாதீங்க. எங்க வீட்டுக்காரர் ஹால்ல உட்கார்ந்து பேப்பரை விரிப்பாரு. படிச்சு முடிக்கிறப்போ சமையல்கட்டுக்குள்ள இருப்பாரு. இருபது வருஷமா அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன், இப்போ தினமும் வெங்காயம் உரிச்சுக் குடுக்கறாரு."

தச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்புறம் எதுக்கும்மா இவ்வளவு தூரம்?"

"அதே மாதிரி இன்னொண்ணு வேணும். ரெண்டு நாள் தங்கறேன்னு வந்த அவரோட சித்தப்பா, நாலு மாசமா எங்க வீட்லயே இருக்காரு."

தச்சர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"தெருவாசல் எந்தப் பக்கம்மா?"